பழத்தைத் தனியா விடாதீங்க!

நடுவர் அவர்களே! எதிரணிச் சகோதரி, "இளைக்கணும்னா காலையில் பழம் மட்டும் போதும்"னாங்க. நானும் அதை நம்பினவதாங்க! ரெண்டே வாழைப்பழத்தோட ஆபீஸ் போவேன். பதினோரு மணிக்குக் கேண்டீன்ல மூணு வடை! (சிரிப்பு) ஒரே மாசத்துல ரெண்டு கிலோ... குறையலை, கூடிச்சு! (கைதட்டல்)

சிரிச்சிட்டோம். ஆனா, என்னைப் பார்த்துப் பத்தாவது படிக்கிற என் மகளும் வெறும் பழத்தோட பள்ளிக்கூடம் போனா. பிரேயர்ல மயங்கி விழுந்துட்டா. அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது.

குற்றம் பழத்துமேல இல்லைங்க. ஒரு வாழைப்பழத்தில் புரதம் சுமார் 1 கிராம். முட்டையில் 6 கிராம். பசியைத் தாங்குறது புரதம்! இப்போ எங்க வீட்டில் பழம், கூடவே ரெண்டு இட்லி, ஒரு முட்டை. முட்டை சாப்பிடாதவங்களுக்குச் சுண்டல் இருக்கு. வடை ஞாபகமே வரலை!

பழத்தை விடச் சொல்லலை. தனியா விடாதீங்கன்னுதான் சொல்றேன்.