மச்சு அறையை இடிக்காமல் சீரமைக்கலாம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஊர்ல இருக்கிற ஓட்டு வீட்டோட மாடி ரூமை என்ன சார் பண்றது? நிமிர்ந்தா தலை இடிக்குது." செயலாளர் உடனே என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். நான் கட்டடக் கலை படித்தவன் அல்ல, பி.காம். ஆனால் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டின் மச்சு அறையில் ஒரு முறை தப்பாகவும் மறுமுறை சரியாகவும் பணம் போட்டவன். இரண்டையும் சொல்கிறேன். தப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அறையின் அகலம் 18 அடி, நீளம் 14 அடி. நடுவில் முகடு 9½ அடி உயரம். அங்கிருந்து இரண்டு பக்கமும் சரிந்து வந்து, சுவர் ஓரத்தில் கூரை வெறும் 4 அடி. மேலே சீமை ஓடு. சீமை ஓடு என்று நாம் சொல்வது மங்களூர் ஓட்டைத்தான். 1860களில் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கியது. ஒன்றோடு ஒன்று கவ்விக்கொள்ளும் ஓடு என்பதால், உடைந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு வேறு போடலாம். இந்த வசதியைத்தான் நான் முதலில் கெடுத்தேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓட்டின் அடிப்பக்கம் பார்க்க அசிங்கமாக இருக்கிறது, பல்லி விழுகிறது என்று, சரிவோடு சரிவாக ஜிப்சம் போர்டு வைத்து ஃபால்ஸ் சீலிங் அடித்தேன். 85,000 ரூபாய். வெள்ளை வெளேரென்று இருந்தது. உறவினர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மூன்றாவது ஐப்பசி மழையில் ஒரு மூலையில் டிபன் தட்டு அளவுக்குப் பழுப்புக் கறை வந்தது. அதன்மேல் பெயின்ட் அடித்தேன். அடுத்த வருடமும் அடித்தேன். ஐந்தாம் வருடம் போர்டு ஊறிப்போய், இரவில் கட்டில் மேலேயே விழுந்தது. நல்லவேளை, அன்று அந்தக் கட்டிலில் யாரும் படுத்திருக்கவில்லை. மறுநாள் மீதியைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு கைமரம் உளுத்து, கரையான் ஏறியிருந்தது. உடைந்தது ஒரே ஒரு ஓடு. சீலிங் மறைக்காமல் இருந்திருந்தால் முதல் மழையிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை. "மொத்தமா பிரிச்சுட்டு கான்கிரீட் போட்டுடலாம்ணா, இல்லேன்னா வித்துடலாம்" என்றான் என் தம்பி. அம்மா இருந்த வீடு, விற்கக்கூடாது என்றேன் நான். ஆறு மாதம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டினோம். அவர் போட்ட கணக்கு எனக்குப் புரிந்த பாஷையில் இருந்தது. 5 அங்குல கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல். எங்கள் அறைக்கு மட்டும் சுமார் 7 டன். இப்போது இருக்கும் ஓடும் மரமும் சேர்ந்து 2 டன்கூட இல்லை. கீழே இருப்பதோ மண் சாந்தில் கட்டிய செங்கல் சுவர். "சுவரையும் புதுசா கட்டினாத்தான் கான்கிரீட்" என்றார். அதாவது மாடி அறைக்காக முழு வீட்டையும் கட்ட வேண்டும். தம்பி கேட்டுக்கொண்டான். கான்கிரீட் பேச்சு அன்றோடு முடிந்தது.

அடுத்து இன்னொரு தப்பு செய்யப் பார்த்தேன். அறையின் குறுக்கே, 5¾ அடி உயரத்தில் இரண்டு கட்டைகள் ஓடுகின்றன. அறைக்குள் போகிறவர்கள் எல்லாரும் அதில் இடித்துக்கொள்வார்கள். அறுத்து எடுத்துவிடுங்கள் என்றேன். ஆசாரி ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். "ஐயா, இது அழகுக்கு வச்சதில்ல. ரெண்டு பக்கத்துக் கைமரமும் விரியாம பிடிச்சுக்கிட்டு இருக்கு. இதை அறுத்தா கூரை சுவரை வெளியே தள்ளிடும்" என்றார். பொறியாளரும் அதையே சொன்னார். தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். சாய்வுக் கூரையில் தலை இடிக்கும் கட்டை எதுவாக இருந்தாலும், தெரிந்தவரைக் கேட்காமல் அறுக்காதீர்கள். நாங்கள் அந்த இரண்டு கட்டைகளுக்கும் மஞ்சள் பெயின்ட் அடித்தோம். கட்டைக்கு அடியில் நடக்கும்படி இல்லாமல் சாமான்களை மாற்றி வைத்தோம்.

இப்போது சரியாகச் செய்த வேலைக்கு வருகிறேன். செலவு 2,40,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் கைமரம், ரீப்பர் மாற்றவே போனது.

முதலில் அறையை அளந்தோம். 6 அடிக் கோல் ஒன்றை நேராகப் பிடித்துக்கொண்டு, கூரை தொடும் வரை சுவர்ப் பக்கம் நகர்ந்து, அந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டோம். இரண்டு பக்கமும் சுவரிலிருந்து சுமார் 3¼ அடியில் கோடு விழுந்தது. மொத்தம் 252 சதுர அடி, அதில் நிமிர்ந்து நிற்கக்கூடியது 160 சதுர அடி. வங்கியில் வரவு, செலவு என்று பிரிப்பதுபோல, நிற்கும் இடம், உட்காரும் இடம் என்று அறை இரண்டாகப் பிரிந்துவிட்டது. கோட்டுக்கு உள்ளே நடைபாதை, மேசை, அலமாரி. கோட்டுக்கு வெளியே படுக்கை, புத்தகம், பாத்திரப் பெட்டி.

கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். எழுந்து உட்காரும்போது தலை இடிக்கும். எங்கள் கணக்கில், சுவரிலிருந்து 1½ அடி தள்ளினால் கூரை கிட்டத்தட்ட 5 அடி கிடைக்கிறது. அந்த 1½ அடியில், 3 அடி உயரத்துக்குத் தாழ்வான அலமாரி நீளமாக அடித்தோம். வீட்டிலிருந்த பரண் சாமான் முழுவதும் அதற்குள் போய்விட்டது.

விசிறி மாட்டும்போதும் கணக்கு தேவை. 48 அங்குல விசிறி என்றால் நடுவிலிருந்து இறக்கை 2 அடி போகும். எங்கள் கூரை அந்த 2 அடிக்குள் 1¼ அடி இறங்கிவிடுகிறது. அதனால் குழாயை 1½ அடிக்குக் குறையாமல் வைத்தோம். இறக்கை தரையிலிருந்து 8 அடியில் சுற்றுகிறது. முகடு இதைவிடத் தாழ்வாக இருந்தால் சுவர் விசிறிதான் நல்லது.

சூட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சூடான காற்று முகட்டுக்குத்தான் ஏறும். முகட்டை ஒட்டி இரண்டு முக்கோணச் சுவர்களிலும் வலை அடித்த திறப்பு வைத்தோம். ஓட்டுக்கு அடியில் ரீப்பர் மேல் அடி ஓடு ஒரு வரிசை போட்டோம். இரண்டு ஓட்டுக்கும் நடுவில் காற்று நிற்பதால் மேல் ஓட்டின் சூடு நேராக இறங்குவதில்லை. பார்க்கவும் லட்சணமாக இருக்கிறது. மழை ஒழுகினால் அந்த ஓட்டிலேயே ஈரம் தெரிந்துவிடும், கழற்றிப் பார்த்துவிடலாம். வெளிச்சத்துக்கு வடக்குச் சரிவில் நான்கு கண்ணாடி ஓடு. தெற்கில் போட்டால் வெயில் நேரே இறங்கும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். தேசியக் கட்டட விதித் தொகுப்பு, சாய்வுக் கூரை அறைக்குச் சராசரி உயரம் 2.75 மீட்டர், அதாவது 9 அடி வேண்டும் என்கிறது. எங்கள் அறையின் சராசரி 6¾ அடிதான். ஆகவே அது விருந்தாளி படுக்கவும், பேரப்பிள்ளைகள் விளையாடவும் ஏற்ற அறை. வாடகைக்கு விடும் அறை அல்ல. புதிதாகக் கட்டுகிறவர்கள் அந்த 9 அடியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் ஊர் வீட்டில் வேலை தொடங்கும் முன்பு இவற்றைச் செய்யுங்கள். நல்ல மழை நாளில் அந்த அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கைமரத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். பழைய மின்கம்பிகளைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் குழாய்க்குள் போடுங்கள். கோலால் அளந்து கோடு போடுங்கள். கூரைக்கான செலவை முடித்த பிறகு பெயின்டைப் பற்றி யோசியுங்கள். நான் தலைகீழாகச் செய்துதான் 85,000 ரூபாயை இழந்தேன்.

போன பொங்கலுக்குத் தம்பி குடும்பத்தோடு வந்து அந்த மச்சில்தான் மூன்று நாள் படுத்தான். இரண்டாம் நாள் காலையில் நெற்றியைத் தடவிக்கொண்டு இறங்கி வந்து, "மஞ்சள் பெயின்ட் அடிச்சும் இடிச்சுக்கிட்டேன்ணா" என்றான். விற்பதைப் பற்றி அவன் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்கள் அறையின் அளவைக் குறித்துக்கொண்டு வந்தால், மாலை நேரத்தில் உட்கார்ந்து கட்டம் போட்ட தாளில் வரைந்து பார்ப்போம். கட்டணம் ஒரு காபி.