தலைமாட்டில் ஒரு மணிக்கூட்டு வானொலி



அரபு நாட்டுக்குப் போய் உழைத்துவந்த ஒருவராவது இல்லாத குடும்பம் எங்கள் ஊரான காத்தான்குடியில் குறைவு. அவர்கள் லீவில் வரும்போது கட்டிக்கொண்டு வரும் பெட்டியைப் பிரித்தால் போர்வை, பால்மா, அத்தர், பேரீச்சம்பழம், சேலைத் துணி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அடியில், துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றி, செங்கல் அளவில் ஒரு கறுப்புச் சாமான் இருக்கும். முகத்தில் சிவப்பு இலக்கத்தில் நேரம், மேலே வரிசையாகப் பொத்தான்கள், உள்ளே வானொலி. தலைமாட்டில் வைக்கிற மணிக்கூட்டு வானொலி. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

எங்கள் வீட்டுக்கு அது றியாத்திலிருந்து வந்தது. மூத்த மச்சான் நோன்பு காலத்தில் கொண்டுவந்தார். "இனி ஸஹருக்கு யாரும் வந்து எழுப்பணும் எண்டு இல்ல" என்று சொல்லி, உம்மாவின் கட்டில் தலைமாட்டில் வைத்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, இரவு சரியாக 10 மணிக்கு அதில் நேரத்தை வைத்தார். விடியப்புறம் 4 மணிக்கு அலாரமும் வைத்தார். உம்மா ஸஹருக்கு ஆக்கிய சோற்றையும் மீன் ஆணத்தையும் மூடிவைத்துவிட்டுப் படுத்தார்.

எங்களை எழுப்பியது அலாரம் அல்ல, பள்ளிவாசல் பாங்கு. உம்மா எழுந்து உட்கார்ந்து தலைமாட்டைப் பார்த்தார். 3:41 என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. "இதென்ன, நாலு மணிக்கு முந்தியே பாங்கு சொல்றாங்க?" என்று கேட்டபடி கூடத்துக்குப் போய்ச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். 4:50. ஸஹர் நேரம் முடிந்துவிட்டது. அன்று வீட்டில் எல்லோரும் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பு பிடித்தோம். மீன் ஆணம் மூடியது மூடியபடியே இருந்தது. மச்சான் அன்று முழுவதும் உம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அஸர் தொழுதுவிட்டு, வானொலி திருத்துகிற ஒரு காக்காவின் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் அதைக் கழற்றவே இல்லை. புரட்டிப் பார்த்தார். பற்றரி போடுகிற மூடிக்குப் பக்கத்தில் நகக்கண் அளவில் ஒரு சுவிச். ஒரு பக்கம் 60, மறு பக்கம் 50. சிறிய திருப்புளியின் நுனியால் அதை 50க்குத் தள்ளிவிட்டு, "தம்பி, இது சவுதிக் கரண்டை எண்ணிப் பழகின சாமான். நம்மட கரண்டை எண்ணச் சொல்லியிருக்கன், கொண்டு போங்க" என்றார். காசு வாங்கவில்லை.

அவர் சொன்ன 'எண்ணுவது' என்ற சொல்லை நான் மறக்கவில்லை. அந்தப் பெட்டி செய்கிற வேலை அதுதான். வீட்டுக்கு வருகிற மின்சாரம் ஆடலோட்டம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இலங்கையில் அது செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. சவுதி அரேபியாவில் 60 தடவை. கட்டார், குவைத், ஐக்கிய அரபு இராச்சியம் எல்லாம் நம்மைப் போல 50. பழைய மணிக்கூட்டு வானொலிகள் பெரும்பாலானவற்றில் நேரத்துக்கென்று தனியாக ஒரு துடிப்பு கிடையாது. சுவர்ப் பிளக்கிலிருந்து வருகிற ஆட்டத்தை எண்ணி, அறுபது ஆட்டம் வந்தால் ஒரு செக்கன் என்று கணக்கு வைக்கும். றியாத்தில் அது சரி. காத்தான்குடியில் அறுபது ஆட்டம் வர ஒன்றேகால் செக்கனுக்குக் கொஞ்சம் குறைவாகச் செல்லும். அதனால் மணிக்கூடு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் பிந்துகிறது, ஒரு நாளைக்கு நான்கு மணித்தியாலம். மச்சான் வைத்த அலாரத்தை நாங்கள் நிறுத்தாமல் விட்டிருந்தால், அது 5 மணி 12 நிமிடத்துக்கு அடித்திருக்கும்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதை என்று நினைக்கவேண்டாம். 2018ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வீடுகளின் அடுப்பு மணிக்கூடும் தலைமாட்டு மணிக்கூடும் பிந்தத் தொடங்கின. சேர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையில் இருந்த மின்சாரத் தகராறில், பொது வலையமைப்புக்குச் சேரவேண்டிய மின்சாரம் சேரவில்லை. அதனால் அந்த வலையமைப்பு முழுவதும் 50 என்ற ஆட்டம் மயிரிழை குறைந்தது. ஜனவரி நடுவில் தொடங்கி மார்ச் மாதத் தொடக்கத்துக்குள் மணிக்கூடுகள் ஏறத்தாழ ஆறு நிமிடம் பிந்திப்போயின. ஸ்பெயினில் படுத்திருந்தவரின் மணிக்கூட்டைக் கொசோவோவின் தகராறு பிந்தவைத்தது. தலைமாட்டில் தனியாக இருப்பதுபோலத் தெரியும் அந்தச் சாமான், மின்சாரம் பிறக்கும் இடம்வரை கட்டுண்டு கிடக்கிறது.

ஆகவே வெளிநாட்டிலிருந்து வந்த எந்த மணிக்கூட்டு வானொலியையும் பிளக்கில் செருகுமுன் முதலில் புரட்டிப் பாருங்கள். அடியில் ஒரு ஒட்டுத்தாளில் வோல்ட்டும், செக்கனுக்கு எத்தனை ஆட்டம் என்ற ஹேர்ட்ஸும் எழுதியிருக்கும். நம்முடையது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சவுதியில் 127 வோல்ட்டில் ஓடுகிற வீடுகள் நெடுங்காலமாக உண்டு. அந்த வீட்டுக்கென்று வாங்கிய சாமானை இங்கே நேரே செருகினால் உள்ளே உள்ள டிரான்ஸ்போமர் எரிந்து புகை வரும். ஜப்பானில் 100 வோல்ட். அங்கிருந்து வந்த வானொலியில் எப்.எம். அலைவரிசையும் 76இல் தொடங்கும். பழைய சாமானாக இருந்தால் 90உடன் நின்றுவிடும், நமது நிலையங்கள் பலவற்றை அது பிடிக்காது. வோல்ட் சரியாக இருந்து 60 என்று மட்டும் எழுதியிருந்தால், சுவிச் இருக்கிறதா என்று தேடுங்கள். சுவிச் இல்லாவிட்டாலும் மனம் விடவேண்டாம். உள்ளே உள்ள சிப்பின் ஒரு காலை எப்படி இணைத்திருக்கிறார்கள் என்பதுதான் பலவற்றில் 50ஐயும் 60ஐயும் தீர்மானிக்கிறது. வேலை தெரிந்த ஒருவர் அதை மாற்றித் தருவார்.

பிளக்கில் போட்டதும் 12:00 என்று விட்டுவிட்டு மின்னும். 'எனக்கு நேரம் தெரியாது, சொல்லித் தாருங்கள்' என்பதுதான் அதற்குப் பொருள். நேரப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு மணிப் பொத்தானையும் நிமிடப் பொத்தானையும் அழுத்தவேண்டும். இங்கே எல்லோரும் தவறுகிற ஓர் இடம் உண்டு. திரையின் ஓரத்தில் ஒரு சிறிய சிவப்புப் புள்ளி. பெரும்பாலும் அது பிற்பகலைக் காட்டும். புள்ளியைப் பார்க்காமல் வைத்தால் விடியப்புறம் 4 மணிக்கு வைத்த அலாரம் பின்னேரம் 4 மணிக்கு, வீட்டில் யாரும் படுத்திராத நேரத்தில் அடிக்கும். நேரத்தில் புள்ளி சரியா, அலாரத்தில் புள்ளி சரியா என்று இரண்டையும் தனித்தனியே பார்க்கவேண்டும்.

எந்த மணிக்கூட்டைப் பார்த்து வைப்பது? உள்ளேயே வானொலி இருக்கிறதே. செய்தி தொடங்குமுன் வருகிற நேர ஒலியைக் கேட்டு வையுங்கள். ஆனால் வானலையில் வருவதைக் கேட்டு வையுங்கள். போனில் இணையம் வழியாகக் கேட்கும் வானொலி பல செக்கன்கள் பிந்தித்தான் வரும்.

அடுத்தது பற்றரி. அடியில் 9 வோல்ட் சதுரப் பற்றரி ஒன்று போடுவதற்கு இடம் இருக்கும். அது வெறுமையாகக் கிடந்தால், கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் மறுபடி 12:00தான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும், அதைத் தொடர்ந்து சில நாட்களிலேயே நோன்பு வந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுவதும் கரண்ட் போனது. பற்றரி இருந்தால் திரை அணைந்தாலும் எண்ணிக்கை உள்ளே ஓடும். ஆனால் அப்போது எண்ணுவதற்குச் சுவர்க் கரண்ட் இல்லை. பெட்டி தன் சொந்தத் துடிப்பில் ஓடுகிறது. அது அவ்வளவு திருத்தம் இல்லை, சில நிமிடம் தவறும். பலவற்றில் பற்றரியில் இருக்கும்போது அலாரம் அடிக்கவும் மாட்டாது. நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு நேரத்தைச் சரிபார்க்காமல் படுக்கவேண்டாம்.

நமது ஊர் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. உப்புக் காற்று பற்றரிக் கொழுக்கியைப் பச்சையாகப் பூக்கவைக்கும். வருடத்துக்கு ஒருமுறை, நோன்புக்கு முந்திய மாதத்தில், பிளக் செருகியபடியே பற்றரியை மாற்றி, கொழுக்கியைத் துடைத்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு மாற்றினால் நேரம் அழிந்துபோகும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். பெட்டி எண்ண மட்டும்தான் செய்கிறது. எந்த எண்ணிலிருந்து தொடங்குவது என்பதை நாம்தான் சொல்கிறோம். நமது தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். 1996ஆம் ஆண்டு மின்சாரத் தட்டுப்பாட்டில் மே 25ஆம் திகதி நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அந்த ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15இல்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட பத்து வருடம் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே இருந்தது. நமக்குத் தெற்கே மண்முனைத் துறையில் பாதைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனவர்கள் அரை மணித்தியாலம் பின்னால் போய் இறங்கினார்கள். ஒரே வாவி, ஒரே சூரியன், இரண்டு நேரம். இன்று அந்தத் துறையில் 2014இல் திறந்த பாலம் நிற்கிறது, இரண்டு கரையிலும் ஒரே நேரம் ஓடுகிறது. மணிக்கூட்டை முன்னும் பின்னும் தள்ளிய அந்தக் காலத்தில் பள்ளிவாசல் தொழுகை அட்டவணையின் எண்கள் எல்லாம் மாறின. சுபஹ் நேரம் வானத்தில் இருந்த இடத்தில்தான் இருந்தது.

அந்தச் சூரியனுக்கும் ஊருக்கு ஊர் கணக்கு உண்டு. கொழும்பைவிட நாம் கிழக்கே ஏறத்தாழ ஒன்றேமுக்கால் பாகைக்கும் சற்றுக் கூட இருக்கிறோம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால் கொழும்பைவிட நமக்கு ஏழு, ஏழரை நிமிடம் முந்தியே விடிகிறது. மஃரிபுக்கு வானொலியில் கொழும்புப் பாங்கு கேட்டு நோன்பு திறப்பவர் சற்றுப் பிந்துவார், அவ்வளவுதான். ஸஹரில் கொழும்பு நேரத்தைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுபவர், காத்தான்குடியில் நேரம் முடிந்த பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஆகவே மணிக்கூட்டை நாட்டின் நேரத்துக்கு வையுங்கள், அலாரத்தை நமது பள்ளிவாசல் அட்டவணைக்கு வையுங்கள். சுபஹ் நேரம் நாளுக்கு நாள் நகரும். கிழமைக்கு ஒருமுறையாவது அலாரத்தையும் நகர்த்துங்கள்.

வானொலியில் விழிப்பதா, மணி ஒலியில் விழிப்பதா என்று ஒரு சுவிச் கேட்கும். ஸஹருக்கு மணி ஒலிதான் நம்பிக்கை. அந்நேரம் நிலையம் ஓய்ந்திருந்தால் வெறும் இரைச்சல்தான் வரும். ஸ்னூஸ் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் ஒன்பது நிமிடம் தூங்கவிடும். ஒன்பது நிமிடத்தில் ஒரு ஸஹர் போய்விடலாம். மற்ற நாட்களில் வானொலிக்கு வையுங்கள். நிலையம் தெளிவாக வர, பின்னால் தொங்கும் மெல்லிய வயரைச் சுருட்டி வைக்காமல் நீட்டி, நுளம்பு வலைக் கம்பியிலோ சன்னல் சட்டத்திலோ கட்டிவிடுங்கள். அந்த வயர்தான் அதன் அன்ரெனா.

போன் இருக்கும்போது இது எதற்கு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். போனுக்குச் சார்ஜ் போடவேண்டும், கண்ணாடி தேடவேண்டும், திரையைத் தட்டவேண்டும். எழுபது வயது உம்மாவுக்கு இருட்டில் தலையைத் திருப்பினால் போதும், பெரிய சிவப்பு எழுத்தில் நேரம் தெரியும். கையை நீட்டினால் ஓதல் கேட்கும். எங்கள் உம்மா கடைசிவரை அந்தப் பெட்டியை மாற்றச் சம்மதிக்கவில்லை.

உங்கள் வீட்டு அலுமாரியில் அப்படியொன்று, 'நேரம் பிந்துது' என்று ஒதுக்கிவைத்துக் கிடக்கலாம். இன்றிரவு அதை எடுத்துத் தூசி துடைத்து, புரட்டிப் பாருங்கள். சுவிச் 60இல் இருந்தால் 50க்குத் தள்ளிவிடுங்கள். ஒரு புதிய பற்றரி போட்டு, வீட்டில் மூத்தவரின் தலைமாட்டில் வைத்துவிடுங்கள்.