கூட்டம் எத்தனை மணிக்கு?

பட்டம் பெறும் செல்வங்களே, அவர்களைப் படிக்கவைத்த பெற்றோரே, வாழ்த்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லோரும் நன்றாக இருங்கள்.

நானும் சிதம்பரத்தில் படித்தவன். விடுதிச் சாப்பாடு அலுத்தால் கீழவீதிக்குப் போய்க் கொத்சு சாப்பிடுவோம். ஓமக்குளம் பக்கம் நந்தனார் பள்ளியைக் கடந்து எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1916-இல் சுவாமி சகஜானந்தா தொடங்கிய பள்ளி அது என்பதைப் பிற்பாடுதான் படித்தேன்.

யாரைக் கவனிக்காமல் கடந்துபோகிறோம் என்பதை மறுபடி உணர்ந்தது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. நிவாரண வேலையாகக் கிள்ளைப் பக்கம் இருந்தேன். படகு இழந்தவர், வலை இழந்தவர் என்று பட்டியல் எழுதினார்கள். பிச்சாவரத்து இருளர்களிடம் படகு ஏது? சேற்றுத் தண்ணீரில் இறங்கி, கையால் துழாவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் ஓலைப் பறியில் போடுகிறவர்கள் அவர்கள். பட்டியல் எழுதும் கூட்டமோ காலை 11 மணிக்கு. அந்நேரம் அவர்கள் கழிமுகத்துக்குள் நிற்பார்கள். கூட்டம் கலையும் வேளையில் ஒரு பாட்டி ஈரப் புடவையோடு வந்தார். “படகு இல்லாதவங்களுக்கு நட்டமே இல்லைன்னு எழுதிட்டீங்களா சார்?” என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டம் சாயங்காலம், அவர்கள் குடியிருப்பிலேயே நடந்தது. ஜீப் போகாது, விளக்கு இல்லை என்று முணுமுணுத்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். பட்டியலில் பறியும் ஏறியது.

அதே பிச்சாவரத்தில் 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வாய்க்கால் வெட்டி அலையாத்திக் காட்டை மீட்டபோது, வனத்துறையையும் ஊர்க்காரர்களையும் சேர்த்தே வேலை செய்தது. காடு வேண்டுமென்றால் காட்டை நம்பிப் பிழைப்பவர் கூட இருக்க வேண்டும் என்ற கணக்கு அது.

அப்படிக் கூட இருப்பதற்குச் சட்டம் கதவைத் திறந்துவிடும். தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் என்று 2016-இல் சட்டம் வந்தது. ஆனால் 2020 அக்டோபரில், புவனகிரிப் பக்கத்துத் தெற்குத் திட்டை ஊராட்சியிலிருந்து ஒரு படம் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில், தேர்தலில் வென்ற பட்டியல் சாதிப் பெண் தலைவர் தரையில். வழக்கு, பணியிடைநீக்கம் எல்லாம் பிறகு நடந்தன. அந்தக் கூட்டத்தின் வருகைப் பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

நாளை நீங்கள் மகளிர் குழுவிலோ, பேரிடர்க் குழுவிலோ, தெருச் சங்கத்திலோ வேலை செய்வீர்கள். பதிவேட்டோடு நின்றுவிடாதீர்கள். யார் பேசினார், யார் வாசலோடு திரும்பினார், யார் எங்கே உட்கார்ந்தார் என்று தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடலோர ஊரென்றால், நேரம் குறிக்குமுன் நீரேற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று கேளுங்கள். பெற்றோர் பசியோடு இருக்கிறார்கள், முடித்துக்கொள்கிறேன்.