நிலையற்ற காலத்தில் திருப்பணி



போடிநாயக்கனூரிலிருந்து தெற்கே செல்வோர் தேவாரத்தை அடையும்போது, மேற்கில் ஏலமலைத் தொடர் சுவர்போல் எழுந்து நிற்பதைக் காண்பர். பொழுது விடியுமுன்பே ஆண்களும் பெண்களும் தூக்குச் சட்டியில் சோறு கட்டிக்கொண்டு, கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்புகளில் புறப்படுவதும் இவ்வட்டாரத்தில் நாள்தோறும் காணும் காட்சியாகும். மழை பிந்தினாலும், ஏலத்தின் விலை சரிந்தாலும், எல்லைச் சாவடி மூடப்பட்டாலும் இவர்கள் வீட்டு அடுப்பு அணைந்துவிடும். இத்தகைய நிலையற்ற வாழ்வினரிடையே இறைபணி செய்வோர் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டியவராகின்றனர். கடவுளை நம்புகிறவன் காலத்திற்கேற்பத் தன் பணிமுறையை மாற்றிக்கொள்ளலாமா? மாற்றிக்கொள்வது நம்பிக்கைக் குறைவு ஆகாதா?

இக்கேள்வி புதியதன்று. தமிழகத் திருச்சபையின் வரலாறு இதற்குச் சில விடைகளை வைத்திருக்கிறது.

1914 ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. தரங்கம்பாடி முதலிய இடங்களில் லுத்தரன் சபைகளை நடத்திவந்தவர்கள் ஜெர்மனியின் லைப்சிக் மிஷனைச் சேர்ந்த குருமார். பிரிட்டிஷ் அரசுக்கு அவர்கள் பகை நாட்டவராயினர். ஆகவே பணியை விட்டு நீங்கவும், பின்னர் நாட்டை விட்டே வெளியேறவும் நேர்ந்தது. பணம் வந்த வழியும் அடைபட்டது. பள்ளிகளும் கோயில்களும் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாத காலம் அது. நடுநிலை நாடாகிய சுவீடனின் மிஷனரிமார் கைகொடுத்தனர். உள்நாட்டுக் குருமாரும் உபதேசிமாரும் பொறுப்பை ஏற்றுக்கொண்டனர். அந்த நெருக்கடியினின்றே, 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தோன்றியது. பிறர் கைப்பிடித்து நடந்த சபை தன் காலில் நிற்கத் தொடங்கியது. போர் நல்லது என்று இதற்குப் பொருளன்று. கேடு வந்தபோதும் கையைக் கட்டிக்கொண்டு இராமல் எழுந்து நின்றார்கள் என்பதே பொருள்.

அதே 1919 ஆம் ஆண்டு மே மாதத்தில், அதே தரங்கம்பாடியில், பல சபைப் பிரிவுகளைச் சேர்ந்த 33 ஊழியர்கள் கூடினர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியர். அவர்களை ஒன்று சேர்த்தவர்களுள் முதன்மையானவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912 இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்னும் பெருமை பெற்றவர். மேனாட்டில் எழுந்த பிரிவினைகளை நம் மண்ணிலும் சுமந்து திரிவது ஏன் என்று அவர்கள் வினவினர். அதன்பின் 28 ஆண்டுகள் பேச்சு நடந்தது. பலமுறை அது முறிந்துவிடும் போலிருந்தது. இறுதியில், நாடு விடுதலை பெற்ற ஏழாம் வாரத்தில், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆனால் அசரியா அதைக் காணவில்லை. 1945 ஜனவரி முதல் நாளே மறைந்துவிட்டார். ஏலத்தை நடுகிறவர் முதற் காய்ப்புக்கு மூன்று ஆண்டுகள்போலக் காத்திருக்கிறார். அசரியாவோ காத்திருந்தும் விளைவைக் காணாமலே போனார். நம்பிக்கை என்னும் சொல்லின் முழுக் கனமும் இங்கேதான் விளங்குகிறது.

புதிய திருச்சபையில் மதுரை–இராமநாதபுரம் பேராயராகத் தம் 37 ஆம் வயதில் பொறுப்பேற்றவர் லெஸ்லி நியூபிகின். இன்றைய தேனி மாவட்டப் பகுதியும் அன்று மதுரை மாவட்டத்துள் அடங்கியிருந்தது. 1834 முதல் அமெரிக்க மிஷன் பாடுபட்ட நிலம் அது. கிராமங்களில் பொதுவாக மிஷனிடம் சம்பளம் பெறும் ஆசிரியர் ஒருவரே வாரநாளில் பள்ளி நடத்துவார். ஞாயிறன்று ஆராதனையும் நடத்துவார். விடுதலைக்குப்பின் இந்த ஏற்பாடு நீடிக்க இயலாது என்பது தெளிவாயிற்று. வேண்டிய ஊர்கள் பல, ஆசிரியர் சிலர், பணமோ குறைவு. அப்போது நியூபிகின் என்ன செய்தார்? அந்தந்த ஊரிலேயே உழைத்து வாழும் எளிய மக்களுள் தகுந்தவர்களைத் தேர்ந்து, பயிற்சி அளித்து, ஊதியமில்லாமலே சபையை நடத்தும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார். எழுத்தறிவு குறைந்தவர் ஆராதனை நடத்தலாமா என்று ஐயுற்றோர் இருந்திருக்கலாம். ஆனால் ஆவியானவர் படித்தவரோடு மட்டுமே பேசுவார் என்று யார் சொன்னது?

நம் காலத்திற்கு வருவோம். 2020 மார்ச் 25 முதல் கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் ஊரடங்கு. அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று வந்த உயிர்த்தெழுதல் பண்டிகைக்குக் கோயில்கள் பூட்டிக் கிடந்தன. போடிமெட்டுச் சாவடி அடைபட்டது; மலையேறும் ஜீப்புகள் நின்றன; கூலியும் நின்றது. குருமார் கைப்பேசி வழியே பிரசங்கம் செய்யக் கற்றனர்; குடும்பத் தலைவர்களும் தாய்மாரும் வீட்டில் ஜெபம் நடத்தினர். ஆயினும் எல்லாம் இனிது முடிந்ததாகச் சொல்வது உண்மையாகாது. நல்ல கைப்பேசி இல்லாத கூலிக் குடும்பங்களை அந்தப் பிரசங்கம் எட்டவில்லை. அவர்களுக்கு அப்போது வேண்டியிருந்தது அரிசிப் பையுடன் வாசலில் வந்து நிற்கும் ஓர் ஆளே. திருவிருந்தை வீட்டிலிருந்தே பெறலாமா, கூடிவரும் நாள்வரை காத்திருக்க வேண்டுமா என்பதில் உலகத் திருச்சபைகளிடையே கருத்து வேற்றுமையும் இருந்தது. ஆகவே, மாற்றம் எதுவாயினும், அது கடையனையும் எட்டுகிறதா என்பதே உரைகல்.

ஏலத் தோட்டத்தைப் பாருங்கள். வேனிலில் நிழல் மரத்தைக் காக்கிறார்கள்; மழைக்காலத்திற்கு முன்னர் அதே மரத்தின் கிளைகளைக் கழிக்கிறார்கள். கிளை கழித்ததனால் மரத்தை வெறுத்ததாக ஆகாது. மழையை வருவிப்பது தோட்டக்காரன் கையில் இல்லை. நாற்றைப் பேணுவது அவன் கையில் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே நம்பிக்கையுள்ள உழைப்பு. ஒன்றையும் மாற்றமாட்டேன் என்பவன் தன் வழக்கத்தையே கடவுளாக்குகிறான். எல்லாம் என் திட்டத்தால் நடக்கும் என்பவன் தன்னையே கடவுளாக்குகிறான். இவ்விரு தவறுகளுக்கும் நடுவே ஒரு குறுகிய பாதை இருக்கிறது. மேலே சொன்னவர்கள் அதில் நடந்தவர்கள்.

மாணவர்களே, நீங்கள் எச்சமயத்தைச் சேர்ந்தவராயினும் இவ்வரலாறு உங்களுக்கும் உரியது. தேர்வும் வேலையும் குடும்பத்தின் வருவாயும் நிச்சயமற்ற காலத்தில் நீங்கள் வளர்கிறீர்கள். எதை விடாது பற்றிக்கொள்வது, எதை மனமாற விட்டுக்கொடுப்பது என்பதை அமைதியாக எண்ணிப்பாருங்கள். பலனை நாம் காண்போமா என்பது நம் கையில் இல்லை. நாளை விடியற்காலையிலும் தேவாரத்தில் ஜீப்புகள் புறப்படும். மலைமீது பனி மூடியிருக்கும். ஆயினும் அவர்கள் ஏறுவார்கள்.