தண்டுவடக் காயமும் வீரிய வாழ்வும்
(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

இவ்விழாவில் பேசுவோர் பெரும்பாலும் அகிம்சையையோ அபரிக்கிரகத்தையோ பொருளாகக் கொள்வர். நான் இன்று வீரியத்தைப் பற்றிப் பேச விழைகிறேன். கடையிலா அறிவு, கடையிலாக் காட்சி, கடையிலா இன்பம், கடையிலா வீரியம் என்னும் நான்கும் உயிரின் இயற்கைக் குணங்கள் என்று நாம் சிறு வயது முதல் படித்து வருகிறோம். அவற்றுள் வீரியம் தசையில் இருப்பதன்று, நரம்பில் இருப்பதன்று. அது உயிரின் குணம். இதை நாம் உண்மையாகவே நம்புகிறோமா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. நம் வீட்டு இளைஞன் ஒருவன் முதுகுத் தண்டில் அடிபட்டுக் கால்கள் செயலிழந்து படுக்கையில் கிடக்கும்போது, அவனை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதே அச்சோதனை.

நம்மில் பலர் வேளாண் குடிகள். தென்னையிலிருந்து விழுதல், கிணற்றில் தவறி விழுதல், மொட்டை மாடியிலிருந்து விழுதல், இருசக்கர வண்டி விபத்து ஆகியவை நம் ஊர்கள் அறியாதவை அல்ல. தண்டுவடம் கழுத்துப் பகுதியில் நைந்தால் கைகால் நான்கும் தளர்கின்றன. அதற்குக் கீழே எனில் பெரும்பாலும் கால்கள் மட்டும். அசைவோடு உணர்ச்சியும் போகிறது; சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் ஆற்றலும் குன்றுகிறது. (இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன். விழுந்தவரை ஆளுக்கொரு கைகாலைப் பற்றித் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு பலகையில் கிடத்திக் கொண்டுசெல்லுங்கள். பாதி நைந்த தண்டுவடம் நம் அவசரத்தால் முழுதும் நைந்துபோகக்கூடும்.) முழுமையாக அறுபட்ட தண்டுவடத்தை மீண்டும் பழைய நிலைக்குக் கொணரும் மருத்துவம் இன்றுவரை இல்லை. எண்ணெய்க்கும் தாயத்துக்கும் நிலத்தை விற்ற குடும்பங்களுக்கு இதை யாரேனும் முன்னமே சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியானால் வாழ்வு அங்கே முடிந்ததா? நமக்கு அருகிலுள்ள வேலூரிலேயே இதற்கு விடை உண்டு.

கொச்சியிலிருந்து வந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954-ஆம் ஆண்டு உடன் பணியாற்றுவோரோடு சென்ற வண்டி விபத்துக்குள்ளாகி, அவருடைய இரு கால்களும் செயலற்றுப் போயின. அறுவை மருத்துவராக வேண்டும் என்று கனவு கண்டிருந்தவர் அவர். தொழுநோயாளரின் மடங்கிய கைகளைச் சீர்செய்வதில் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் அப்போது அங்கு இருந்தார். கைகளில் செய்யும் அறுவையை மருத்துவர் அமர்ந்தபடியே செய்யலாம்; நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த எளிய உண்மையை ஒருவர் கண்டுகொண்டதால், மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவைக் கூடத்துக்குள் சென்றார். உலகமே ஒதுக்கிவைத்த தொழுநோயாளரின் விரல்களுக்கு மீண்டும் பிடிக்கும் ஆற்றலை அளித்தார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1986-இல் மறைந்தார். பாகாயத்தில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் அந்நிலையத்தைக் கடந்துதான் நம்மில் பலர் போளூருக்கும் ஆரணிக்கும் பேருந்தில் போகிறோம்.

தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் மற்றொருவர். எஸ். இராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்கு மருத்துவம் பார்த்த மருத்துவரின் பெயரையே அதற்குச் சூட்டினார். இன்று அது தென் மாவட்டங்களில் எண்ணற்ற மாற்றுத்திறனாளிகளுக்குக் கல்வியும் பயிற்சியும் அளிக்கும் நிறுவனம். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தொண்டு செய்தோரை மட்டும் கூறினால் இளைஞர்களுக்கு மனம் நிறையாது. சாகசமும் வேண்டும் என்பர். அதுவும் உண்டு. கனடா நாட்டின் ரிக் ஹான்சன் 15 வயதில் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். 1985 மார்ச்சில் வான்கூவரிலிருந்து சக்கர நாற்காலியைத் தம் கைகளாலேயே உருட்டிக்கொண்டு புறப்பட்டார். 34 நாடுகள், 40,000 கிலோமீட்டருக்கு மேல், 26 மாதங்கள். 1987 மே மாதத்தில் ஊர் திரும்பினார். நம் நாட்டின் தீபா மாலிக் தண்டுவடக் கட்டியின் காரணமாக 1999-இல் மார்புக்குக் கீழே செயலிழந்தவர். இரு பெண் குழந்தைகளின் தாய். அவர் யமுனையை நீந்திக் கடந்தார். இமயமலைக் கார்ப் பந்தயத்தில் கலந்துகொண்டார். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் குண்டு எறிதலில் வெள்ளி வென்று, பாராலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

இச்சாகசங்களை வெறும் துணிச்சல் என்று எண்ணிவிடக் கூடாது. இவற்றின் அடியில் இருப்பது கவனம். இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் மடிந்தனர். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறையை விடாப்பிடியாக நடைமுறைப்படுத்தினார். பிழைத்தவர்களின் கைகளில் வில்லைக் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று, இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேர் கலந்துகொண்ட வில்வித்தைப் போட்டி அங்கே நடந்தது. பாராலிம்பிக்கின் வித்து அதுவே.

அமர்ந்திருக்கையில் அடிக்கடி உடலைத் தூக்கி எடையை மாற்றுதல், உணர்ச்சியற்ற தோலை நாள்தோறும் கண்ணாடியில் பார்த்தல், குறித்த நேரத்தில் குழாயிட்டுச் சிறுநீர் அகற்றல், வெயிலில் உடல் சூடேறாமல் காத்தல் ஆகியவற்றை ஒருநாளும் தவறவிடாதவரே ஆற்றைக் கடக்கிறார். நடக்கும்போதும் பொருளை எடுத்து வைக்கும்போதும் முனிவர்கள் காக்கும் சமிதி எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது.

இனி, நம் வீடுகளில் சொல்லப்படும் சொல்லுக்கு வருகிறேன். "எல்லாம் முன்வினை, அனுபவித்துத்தான் தீரவேண்டும்." வினைக்கொள்கையை மறுக்க நான் வரவில்லை. ஆனால் அக்கொள்கையைப் பாதி மட்டும் சொல்வது முறையன்று. இன்னார்க்கு இன்ன வினையால் இது நேர்ந்தது என்று உரைக்கக் கேவலஞானம் வேண்டும்; நமக்கு அது இல்லை. மேலும் வினை தானாகவே வந்து பயன் தருவதில்லை. திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் சார்புகளைக் கொண்டே உதயமாகிறது என்று நம் ஆசாரியர்கள் விளக்கியுள்ளனர். கால் தளர்ந்தது வினையின் உதயம் என்றே கொள்வோம். ஆனால் வாயிலில் உள்ள மூன்று படிகள் எந்த வினையின் உதயம்? அவை கொத்தனார் கட்டியவை. க்ஷேத்திரத்தை மாற்றினால் துன்பம் குறையும்.

இன்னொன்று இதைவிடக் கடுமையானது. எட்டு வினைகளுள் இறுதியானது அந்தராயம். அது கட்டுவதற்குக் காரணம் பிறருக்கு இடையூறு செய்தல் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. படிக்க விரும்பும் பெண்ணை, "உனக்கெதற்கு இனிப் படிப்பு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பின்கட்டு அறையில் வைத்திருக்கும் அன்பான பெற்றோரும், திருமண வீட்டுக்கு மகனை அழைத்துவரக் கூசும் உறவினரும் தாங்கள் எதைக் கட்டிக்கொள்கிறோம் என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

நம் ஜினாலயங்களைப் பற்றியும் சொல்ல வேண்டியுள்ளது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடம் என்பதில் சமயப் பயன்பாட்டுக் கட்டடங்களையும் சேர்த்துள்ளது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. இரண்டடி உயரமுள்ள நம் மண்டப வாயிலுக்கு 24 அடி. இடமும் உண்டு, கல்லும் உண்டு. சமவசரணத்தில் விலங்குகளுக்கும் தனி இடம் அமைந்திருந்தது என்று பெருமையாகக் கூறும் நாம், சக்கர நாற்காலியில் வருபவரைத் தெருவிலேயே நிறுத்தலாமா?

மலைத்தலங்களுக்கு என் செய்வது என்று கேட்கலாம். சம்மேத சிகரத்தில் நல்ல காலுடையவர்களே டோலியில் ஏறிச் சென்று திரும்புகின்றனர். அவர்கள் யாத்திரையை யாரும் குறைவாகப் பேசுவதில்லை. பொன்னூர் மலையில் ஏலாசாரியரின் திருவடிகளைத் தரிசிக்கவும், திருமலையில் நேமிநாதரைக் காணவும், ஆண்டில் குறித்த ஒரு நாளிலேனும் டோலியும் அதைத் தூக்கப் பயிற்சி பெற்ற இளைஞர் நால்வரும் இருந்தால் போதும்.

நோன்பைப் பற்றி ஒரு சொல். இரவில் நீர் அருந்தாமை நம் ஒழுக்கம். தண்டுவடக் காயம் உடையவர் நீர் குறைத்தால் சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கேடும் நேரக்கூடும். ஆதலால் கதிர் சாயும் முன் போதிய நீரைப் பகல் முழுதும் பகிர்ந்து அருந்த வேண்டும்; நிர்ஜல உபவாசத்தை மருத்துவரைக் கேளாமல் மேற்கொள்ளலாகாது. தம் ஆற்றலுக்கேற்பவே தவம் என்று ஆகமமே வரையறுத்திருக்கிறது. ஒரு பொழுது உண்ணுதல், சுவை துறத்தல், சாமாயிகம், சுவாத்தியாயம் ஆகிய இவற்றுள் எதற்கும் கால்கள் தேவையில்லை.

அறக்கட்டளையினரிடம் என் வேண்டுகோள் இரண்டு. இவ்வாண்டுக் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில், விபத்தால் படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்குங்கள். அடுத்த ஜெயந்திக்குள் இம்மண்டபத்தின் வடக்கு வாயிலில் அந்த 24 அடிச் சாய்தளத்தைக் கட்டிவிடுங்கள்.