தனிவழிச் செலவு
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்வுரைக்குத் 'தனிவழிச் செலவு' என்று தலைப்புக் கொடுத்ததும் நம் பொருளாளர் சற்றே திடுக்கிட்டார். வட்டத்தின் கணக்கு வழக்கைப் பற்றிப் பேசப்போகிறேனோ என்று அவருக்கு ஐயம். பழந்தமிழில் செலவு என்பது பயணத்தைக் குறிக்கும் சொல் என்று சொல்லி அவரை அமைதிப்படுத்தினேன். தில்லி, காசி, கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களைத் துணையின்றிப் பார்த்து வந்தேன். அப்பயணத்தில் நான் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதை இந்த அவையில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

தனியே ஊர் காண்பது நமக்குப் பழக்கமில்லாத ஒன்று. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். திருமுருகாற்றுப்படை நீங்கலாக மற்ற நான்கிலும் பொருநனும் பாணனும் கூத்தனும் தத்தம் சுற்றத்தோடுதான் வழி நடக்கிறார்கள். இன்றும் காசிக்குப் போவதென்றால் நாற்பது பேர் சேர்ந்து, சமையற்காரரையும் உடன் அழைத்துக்கொண்டு போகிறோம். நானும் தனியே புறப்படத் திட்டமிட்டவன் அல்லன். உடன் வருவதாக இருந்த நண்பருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை என்றாயிற்று. பதிவு செய்த பயணச்சீட்டை விட்டுவிட மனமின்றி நான் மட்டும் வண்டியேறினேன்.

முதலில் தில்லி. சாந்தினி சௌக்கிலிருந்து பிரியும் பல்லிமாரான் தெருவில், காசிம் ஜான் சந்தில், உருதுக் கவிஞர் மிர்சா காலிப் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1869இல் அவர் மறைந்தார். என் இந்தி அறிவு ரயில் நிலைய அறிவிப்புகளைத் தாண்டாதது. தெருவின் இருமருங்கும் மூக்குக்கண்ணாடிக் கடைகள், செருப்புக் கடைகள். ஒரே இடத்தை மூன்று முறை சுற்றி வந்தேன். துணை ஒருவர் இருந்திருந்தால் அவரைக் கேட்கச் சொல்லியிருப்பேன். வேறு வழியின்றி ஒரு கண்ணாடிக் கடைக்காரரிடம் "காலிப்" என்ற ஒரே சொல்லைச் சொன்னேன். அவர் கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து, சந்தின் உள்ளே அவ்வீட்டு வாயில்வரை என்னோடு வந்தார். நடக்கும்போதே இரண்டு அடிகளைச் சொன்னார். பொருள் எனக்கு விளங்கவில்லை, சந்தம் விளங்கிற்று.

அந்த வீடு நெடுங்காலம் வணிகர் கைகளில் சிதைந்து கிடந்தது. பின்னர் தில்லி அரசு அதன் ஒரு பகுதியை மீட்டு நினைவிடமாக்கியது. உள்ளே கண்ட பொருள்களைவிட அந்தக் கடைக்காரரே என் நினைவில் நிற்கிறார். நம் கடைத்தெருவில் ஒரு வெளியூர்க்காரர் வந்து ஒரு கவிஞனின் பெயரை மட்டும் சொன்னால், எத்தனை பேர் கடையை விட்டு எழுவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

அடுத்தது காசி. அங்கே முதல் அனுபவம் கசப்பானது. இரண்டு விடுதிகளில் "தனி ஆளுக்கு அறை கொடுப்பதில்லை" என்றார்கள். அவர்கள் அச்சம் பிறகுதான் எனக்குப் புரிந்தது. என் வயதில் ஒருவர் துணையில்லாமல் காசிக்கு வந்தால், திரும்பிப் போகும் எண்ணத்தோடு வந்திருப்பாரா என்ற ஐயம் எழுவது இயல்பே. மூன்றாம் விடுதிக்காரர் என் மகளின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி, அவளோடு பேசிய பிறகே சாவியைக் கொடுத்தார்.

மறுநாள் அனுமன் படித்துறைப் பகுதியில் பாரதியார் இருந்த வீட்டைத் தேடிச் சென்றேன். 1898இல் தந்தையை இழந்தபின், பதினாறு வயதளவில், அத்தை குப்பம்மாளின் இல்லத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். இந்தியும் வடமொழியும் பயின்றது, தலைப்பாகையும் மீசையும் கொண்டது எல்லாம் அங்கேதான். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு அந்த வீட்டில் அவருக்கு மார்பளவுச் சிலையுடன் நினைவகம் அமைத்திருக்கிறது. பார்த்துவிட்டு, மாலையில் படித்துறையில் அமர்ந்தேன். குழுவோடு வந்திருந்தால் அந்நேரம் தசாசுவமேதத்தில் ஆரத்தி காணப் படகில் இடம் பிடித்திருப்பேன். தனியன் ஆகையால் என் விருப்பப்படி ஒன்றைப் பார்க்கக் காத்திருந்தேன்.

எதைப் பார்க்க என்பதைச் சொல்ல வேண்டும். வட்டத்தின் முதலாண்டுக் கவியரங்கில் 'கங்கையில் அந்தி' என்ற என் கவிதையை வாசித்தேன். காசிப் படிக்கட்டில் அமர்ந்த முதியவர் ஒருவர், கங்கையில் கதிரவன் மூழ்குவதைக் கண்டு, தம் முடிவையும் அமைதியாக ஏற்றுக்கொள்வதாகப் பாடியிருந்தேன். இருகரையும் விளக்குகள் நிறைந்திருப்பதாகவும் ஓரடி உண்டு. நீங்கள் கைதட்டி மகிழ்ந்தீர்கள். அந்தக் காட்சியைக் கண்ணால் காணவே காத்திருந்தேன்.

கதிரவன் என் முதுகுக்குப் பின்னால், வீடுகளின் பின்னே மறைந்தது. வீடுகளின் நிழல் படிகளில் இறங்கி, நீரில் பரவி, அக்கரைக்குச் சென்றது. அக்கரையில் விளக்கில்லை, கோயிலில்லை. கண்ணுக்கு எட்டியவரை மணல். அருகிலிருந்த படகோட்டியிடம் கதிரவன் எங்கே என்று கைச்சாடையால் கேட்டேன். அவர் துடுப்பால் பின்பக்கம் காட்டிவிட்டு, காலையில் வாருங்கள் என்றார்.

காசியில் கங்கை வடக்கு நோக்கி ஓடுகிறது. நகரம் மேற்குக் கரையில் அமைந்திருக்கிறது. எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகள் கிழக்கு நோக்கியவை. 'உத்தரவாகினி' என்ற சொல்லை நான் நூல்களில் படித்தவன்தான். அப்படியானால் அங்கே கதிரவன் ஆற்றில் மறைய முடியாது என்று ஒருகாலும் எண்ணிப் பார்த்ததில்லை. காவிரிக் கரையில் வளர்ந்தவன் நான். காவிரி கிழக்கே ஓடுகிறது. மேற்கே நீர்வரும் திசையைப் பார்த்தால் அந்திக் கதிர் ஆற்றிலேயே இறங்கும். கண்டது காவிரி, பெயர் மட்டும் கங்கை.

படகோட்டி சொன்னபடி விடியுமுன் மீண்டும் சென்றேன். மணல்வெளியின் விளிம்பிலிருந்து கதிரவன் எழுந்தது. படிகளில் இருந்தவர் முகங்களிலெல்லாம் ஒரே நேரத்தில் ஒளி விழுந்தது. இறுதிநாள்களைக் கழிப்பதற்கென்றே காசிக்கு வந்து தங்கும் முதியவர்கள் உண்டு. அவர்கள் அந்தப் படிகளில் அமரும்போது உதயத்தை நோக்கி அமர்கிறார்கள். என் கவிதையில் வரும் முதியவருக்கு நான் கொடுக்கத் தவறியது இதுதான். உடன் ஒருவர் இருந்திருந்தால், "கவிதையில் இதெல்லாம் பார்க்கலாமா?" என்று அவர் தேற்றியிருப்பார், நானும் தேறியிருப்பேன்.

அங்கிருந்து கல்கத்தா. ஜோராசாங்கோவில் தாகூர் 1861இல் பிறந்து, 1941இல் மறைந்த வீட்டைப் பார்த்தேன். 1943இல் திறக்கப்பட்டு, பின்னர் அவர் பெயரையே சூட்டிக்கொண்ட ஹௌரா பாலத்தின் மேல் நடந்தேன். கீழே பூச்சந்தை. மாலையில் ஒரு படித்துறையில் நின்றபோது, ஹூக்ளி ஆற்றுக்கு அப்பால், ஹௌரா பக்கம் கதிரவன் இறங்கியது. ஆற்றின் மேல் செந்நிறம் நீண்டு கிடந்தது. இதுவும் கங்கையின் கிளைதான். என் கவிதை 600 கிலோமீட்டருக்கு மேல் இடம் தவறி நின்றிருக்கிறது என்று அங்கே சிரித்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் நம் வட்டத்துக் கவிஞர் அம்மையார் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "விடியுமுன் அந்தப் படியில் நான் தனியாக உட்கார்ந்திருக்க முடியுமா ஐயா?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. அறை மறுக்கப்பட்டதை நான் பெரிய துன்பமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு மறுக்கப்படுவது அந்த விடியற்பொழுதே. தனிவழிச் செலவின் பெருமையைப் பேசுகிறவன் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

நிறைவாக ஒன்று. இந்தப் பத்தாம் ஆண்டு மலரில் 'கங்கையில் அந்தி'யை மீண்டும் வெளியிட வேண்டும் என்று மலர்க்குழு அன்போடு கேட்டது. 'மறையும்' என்பதை 'எழும்' என்று மாற்றினால் போதுமே என்றார் ஒரு நண்பர். ஓசை கெடாது, உண்மைதான். ஆனால், மறைவதைக் கண்டு அமைதியடைந்த மனிதரை, எழுவதைக் கண்டு அமைதியடையச் செய்வது ஒரு சொல்லால் ஆகக்கூடியதன்று. அதை வேறொரு கவிதையாகத்தான் எழுத வேண்டும். எழுத முயன்று வருகிறேன்; இன்னும் கைகூடவில்லை. ஆகவே அந்தக் கவிதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்கென ஒதுக்கிய பக்கங்களில் இவ்வுரையை அச்சிடுமாறு மலர்க்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

நம்மில் பலர் காசி சென்று வந்தவர்கள். பத்தாண்டுகளாக ஒருவரும் என் பிழையைச் சொன்னதில்லை. அன்பினால் சொல்லாமல் இருந்தீர்கள் என்றே கொள்கிறேன். அடுத்த பத்தாண்டுகளில் அந்த அன்பைச் சற்றே குறைத்துக்கொள்ளுங்கள் என்று வேண்டி அமைகிறேன்.