சிரிக்கத் தெரிந்த தோழர்
(திருநீர்மலை அஞ்சலிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது ரயில்வே தோழர் இருந்த இடத்தில் சிரிப்பு இருக்கும். தாம்பரம் கார் ஷெட்டில் ஷிப்டு முடிந்து சைக்கிளில் வருவார். பையில் வேர்க்கடலை. தெருக் குழந்தைகளுக்குப் பங்கு வைத்த பிறகே வீட்டுக்குள் நுழைவார். அந்தக் கடலையைத் தின்று வளர்ந்தவர்களில் நானும் ஒருவன்.

இந்த விளையாட்டுக்காரரின் உறுதியை 1974 காட்டியது. போனஸும் எட்டு மணி நேர வேலையும் கேட்டு மே 8-ல் நாடெங்கும் ரயில்வே தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். மே 27-ல் போராட்டம் வாபஸாயிற்று. வேலை இழந்தவர்களில் இவரும் ஒருவர்.

"மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடு" என்றார்கள் சொந்தக்காரர்கள். அவருடைய துணைவியார், "நான் இட்லி சுட்டு விற்கிறேன்; அவர் எழுத வேண்டாம்" என்றார். தோழர் சிரித்தார்: "எங்கள் வீட்டு வண்டிக்கு டிரைவர் அவள்தான், நான் கார்டு. பச்சைக் கொடி காட்டிவிட்டேன்!"

விடியுமுன் மாவாட்டியது அந்தக் கார்டுதான்.

1977-ல் ஜனதா சர்க்கார் வேலை பறிக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுத்தது. 1979-ல் ரயில்வே தொழிலாளிக்குப் போனஸ் கிடைத்தது. இன்று அதை வாங்கும் இளைஞர்களே, அதில் ஒரு தாயின் அடுப்புச் சூடும் இருக்கிறது. அந்தத் தாய் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

தோழருக்கு நமது செவ்வணக்கம்! தாய்க்கும் அதே வணக்கம்!